‘என்னை’ எப்படி ‘என்னோடு’ ஆனது: ஒரு சத்தியக்கடதாசியின் ஆங்கில வினைச்சொற்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு மனைவி தன் கணவனைப் பற்றிக் கொடுத்த சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம், ஆங்கிலத்தில் லண்டனுக்குப் போயிருந்தது. அங்கிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டே கேள்விகள். நான்காம் பந்தியில் ‘ஸ்லீப் வித்’ என்று வருகிறதே, ஒரே கட்டிலில் படுத்தார் என்பதா, உடலுறவு நடந்தது என்பதா? அதே வசனத்தில் மனைவி தனக்குச் சுகமில்லை என்று சொன்னதாக இருக்கிறது, மறுத்தாரா, மறுக்கவில்லையா?

கேட்டவர் ஒரு சட்டத்தரணி. பதில் சொல்ல வேண்டியவள் நான், அந்த ஆங்கிலம் என்னுடையது என்பதால். தமிழ்ப் பிரதியை எடுத்து வைத்து இன்னொரு தரம் வாசித்தேன். அதில் குழப்பம் எதுவும் இல்லை. நடந்ததையும் சொல்லியிருந்தார், தான் மறுத்ததையும் சொல்லியிருந்தார். என் ஆங்கிலத்துக்கு வரும்போது இரண்டும் காணாமல் போயிருந்தன. நாகரிகமான சொல் தேடப் போய் நான்தான் தொலைத்திருந்தேன்.

திருகோணமலையில் இருபது வருடங்களுக்கு மேலாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு என்று பெரும்பாலும் ஒரே மாதிரியான வேலை. அவற்றில் வினைச்சொல்லுக்குப் பஞ்சம் வருவதில்லை. இந்த ஒரு விடயத்தில் மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் பேனை நிற்கும். என்னைப் போல வேலை செய்யும் மற்றவர்களுக்கும், பொலிஸில், ஆஸ்பத்திரியில், சட்டத்தரணியின் அறையில் நடுவில் நின்று மொழி மாற்றிக் கொடுப்பவர்களுக்கும் பயன்படும் என்று நினைத்து இதை விரிவாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதம் உண்டு. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டும் மாற்றியும் இருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. உப்புவெளிப் பக்கம் தாயுடன் இருக்கிறார். கணவன் வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் சேர்ந்து வாழ்ந்த ஆறு வருடங்களைப் பற்றியதுதான் சத்தியக்கடதாசி. முதலில் அது இங்கே, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்பதற்காகத் தமிழில் எழுதப்பட்டது. வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் அப்போது மொழிபெயர்ப்புக்குத் தேவையே இருக்கவில்லை. பிறகு கணவன் இங்கிலாந்தில் ஒரு வழக்குத் தொடர்ந்தார். அங்கே பதில் சொல்வதற்கு அதே கடதாசி ஆங்கிலத்தில் வேண்டும் என்று என்னிடம் வந்தது.

ஒரே வாக்குமூலம் இரண்டு நாடுகளின் சட்டத்துக்கு முன்னால் நிற்கப் போகிறது என்பதை அந்த வேளையில் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல் தேடுவதை வேறு இடத்தில் தொடங்கியிருப்பேன். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அதில் பாலியல் வல்லுறவைப் பற்றிய 363ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, உடலில் காயம் முதலிய எதிர்ப்பின் அடையாளம் கட்டாயமில்லை என்ற நல்ல விளக்கம் சேர்ந்தது. ஆனால் மனைவியின் சம்மதமில்லாமல் கணவன் உடலுறவு கொள்வது, நீதிமன்றத்தின் மூலம் இருவரும் பிரிந்திருந்தால் மாத்திரமே அந்தப் பிரிவுக்குள் வரும். இங்கிலாந்தில் 1991இல், அப்போது அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்போடு கணவனுக்கு இருந்த அந்த விலக்குப் போய்விட்டது. ஆக, இந்தப் பெண் சொன்ன அதே சம்பவத்துக்கு அங்கே ஒரு குற்றப்பெயர் இருக்கிறது, இங்கே இல்லை. ‘ரேப்’ என்ற ஆங்கில வினையை நான் என் கையால் எழுதினால், அவர் சொல்லாத ஒரு சட்ட முடிவை நான் சொன்னதாக ஆகும். எழுதாமல் மழுப்பினால், அவர் சொன்னதை நான் மறைத்ததாக ஆகும். இரண்டுக்கும் இடையில் நிற்கும் வினைச்சொல் எது?

மூன்று இடங்கள்

தமிழ்ப் பிரதியை எழுதியவர் இங்குள்ள ஒரு சட்டத்தரணியின் உதவியாளர். அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்: பெண் சொன்ன வார்த்தைகளையே மேற்கோளுக்குள் எழுதியிருந்தார். பொலிஸ் முறைப்பாட்டில் இப்படி நடப்பது குறைவு. அங்கே எது சொன்னாலும் கடைசியில் ‘உடலுறவில் ஈடுபட்டார்’ என்றுதான் வந்து நிற்கும்.

சிக்கிய இடங்கள் இவை:

“குடிச்சிட்டு வந்தா இரவிரவாக் கரைச்சல் தருவார்.”

“நான் ஏலாதெண்டு சொன்னாலும் விடமாட்டார். என்னைப் பிடிச்சுப் படுக்க வச்சுச் செய்வார்.”

“எனக்கு விருப்பமில்லாத விதமா எல்லாம் செய்யச் சொல்லி ஆக்கினைப்படுத்துவார்.”

என் முதல் ஆங்கிலப் பிரதியில் முதலாவது, ‘இரவு முழுவதும் என்னைத் தொந்தரவு செய்வார்’ என்ற பொருளில் ‘ட்ரபிள்’ என்ற வினையோடு போயிருந்தது. இரண்டாவது, ‘எனக்குச் சுகமில்லை என்று சொன்னாலும் என்னோடு படுப்பார்’ என்று ‘ஸ்லீப் வித்’ ஆகியிருந்தது. மூன்றாவதில் ‘இயற்கைக்கு மாறான’ என்ற பொருள் தரும் ‘அன்நச்சுரல்’ என்ற சொல்லை நானாகவே போட்டிருந்தேன்.

‘ஏலாது’ என்பதில் விழுந்த பிழை எங்கள் ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருத்தியே விட்ட பிழை என்பதால்தான் அதிகம் வலித்தது. ‘அம்மாவுக்கு ஏலாது’ என்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ‘ஏலாது, போ’ என்றால் மாட்டேன், போ. ஒரே சொல் நோயையும் சொல்லும், மறுப்பையும் சொல்லும். இந்த வசனத்தில் ‘எனக்கு’ என்பது இல்லை. ‘ஏலாதெண்டு சொன்னாலும் விடமாட்டார்’ என்று அடுத்ததாக வருகிறது. விடமாட்டார் என்ற சொல்லே முன்னால் ஒரு மறுப்பு இருந்ததைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதையும் தாண்டி நான் ஏன் சுகவீனம் என்று எழுதினேன்? கணவன் மனைவி விடயம், மென்மையாக இருக்கட்டும் என்று கை தானாக அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை. சம்மதம் இருந்ததா என்ற முழுக் கேள்வியும் தொங்கும் சொல்லை நான் காய்ச்சல் தலையிடிச் சொல்லாக மாற்றிவிட்டேன்.

மூன்றாவது பிழை இன்னும் ஆபத்தானது. ‘விருப்பமில்லாத விதமா’ என்றுதான் அவர் சொன்னார். அதில் இயற்கையும் இல்லை, மாறும் இல்லை. ஆனால் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு விரோதமான’ உறவு என்ற சொற்றொடரால்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவு சம்மதத்தைப் பற்றியே பேசாது. வற்புறுத்தப்பட்ட ஒருவரின் வாக்குமூலத்தில் அந்தச் சொல்லைப் புகுத்துவது, முறைப்பாட்டின் முகத்தையே திருப்பிவிடும். ஒரு பெயரடைதானே என்று நினைத்தேன்.

வினைச்சொல் தேடிய நாள்

மின்னஞ்சல் வந்த அன்று மத்தியானம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அகராதிகளை மேசையில் பரப்பி, ஆங்கிலத்தில் இதற்கென்று உள்ள முறைசார்ந்த வினைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். தேடியது ஒன்றே ஒன்று: ஒருவர் இன்னொருவரை இதைச் செய்தார் என்று சொல்லும், கொச்சையும் இல்லாத தீர்ப்பும் இல்லாத ஒரு வினை.

‘கொப்பியுலேட்’ முதலில் வந்தது. இலத்தீனில் இணைத்தல் என்று பொருள். ஆங்கில இலக்கணத்தில் எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் சொல்லுக்குக் ‘கொப்பியுலா’ என்று பெயர். எங்களுக்கும் அப்படித்தான்: எழுத்தும் எழுத்தும் சேர்வது புணர்ச்சி, உடலும் உடலும் சேர்வதும் புணர்ச்சி. இரண்டு மொழிக்காரரும் தனித்தனியாக இலக்கணத்துக்கும் கட்டிலுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருப்பதைப் பார்த்து அந்த வேளையிலும் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. ஆனால் வழக்குக்கு உதவாது. ஆங்கிலத்தில் அது விலங்கியல் வாசனை அடிக்கும் வினை. அத்தோடு செயப்படுபொருளை ஏற்காது. இரண்டு பேர் சேர்ந்து செய்வதாகத்தான் சொல்ல முடியும்.

‘ஃபோர்னிகேட்’ பாவம் என்று தீர்ப்புச் சொல்லும் வினை. விவாகம் ஆகாதவர்களின் உறவையே குறிக்கும். கணவன் மனைவிக்குப் பொருந்தாது. பண்டைய ரோமில் விலைமாதர் இருந்த வளைவு மாடத்தின் பெயரிலிருந்து வந்தது. ‘கொன்ஸமேட்’ என்பது நிறைவேற்றுதல். அதன் செயப்படுபொருள் ஆளே அல்ல, விவாகம். விவாகத்தை நிறைவேற்றலாம், மனைவியை நிறைவேற்ற முடியாது. ‘கோஹாபிட்’ சேர்ந்து குடியிருத்தல், அவ்வளவுதான்.

‘நோ’ என்ற வினை, அதாவது அறிதல், வேதாகமத்திலிருந்து வந்தது. ஆங்கில வேதாகமத்தின் 1611ஆம் ஆண்டுப் பதிப்பில் எபிரேயச் சொல்லை அப்படியே அறிதல் என்று பெயர்த்தார்கள். எங்கள் தமிழ் வேதாகமத்திலும் ஆதாம் ஏவாளை ‘அறிந்தான்’. ஆங்கிலச் சட்டத்தில் ‘கார்னல் நொலேஜ்’, உடலால் அறிதல், என்று பழைய காலத்தில் எழுதியதற்கு வேர் இதுதான். நேரடியாக ஆளைச் செயப்படுபொருளாக ஏற்கும் அருமையான வினை. ஆனால் இன்று ஒரு சத்தியக்கடதாசியில் எழுதினால் வாசிப்பவர் அறிமுகம் என்று நினைப்பார்.

‘மேக் லவ்’ என்பதை எழுதிய உடனே வெட்டினேன். 19ஆம் நூற்றாண்டில் அது காதல் வார்த்தை பேசுவதைத்தான் குறித்தது. பிறகுதான் படுக்கைக்கு வந்தது. எந்தக் காலத்திலும் அன்பு அதற்குள் இருக்கிறது. ‘ஃபொண்டில்’ என்பதும் அதே. ‘ஃபொண்ட்’ என்ற பாசச் சொல்லிலிருந்து பிறந்தது. விருப்பமில்லாமல் தொட்டதற்கு அதை எழுதுவது, அடித்ததற்குத் தட்டிக்கொடுத்தார் என்று எழுதுவது போல. பத்திரிகைகளில் இன்னும் காண்கிறேன்.

‘மொலெஸ்ட்’ என்பதில்தான் அதிக நேரம் நின்றேன். இலத்தீனில் அது தொந்தரவு கொடுத்தல். நேரே எங்கள் ‘கரைச்சல்’! சொல்லால் தொடங்கி உடம்பில் முடியும் தொல்லைகளை எல்லாம் இங்குள்ள பெண்கள் கரைச்சல் என்ற ஒரு சொல்லுக்குள் வைப்பது போல, ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்று அந்த ஆங்கில வினை முக்கியமாகச் சிறுவர்கள் மீதான குற்றத்துக்குப் போய்விட்டது. வேர் பொருந்தியும் பாரம் பொருந்தவில்லை.

மிஞ்சியது ‘ஹாவ் செக்ஸ் வித்’, அதைவிட விறைப்பாகச் சொன்னால் ‘ஹாவ் செக்ஷுவல் இன்டர்கோர்ஸ் வித்’. இன்டர்கோர்ஸ் என்பது முதலில் கொடுக்கல் வாங்கல், வணிகத் தொடர்பு. ‘ஹாவ் செக்ஸ்’ என்ற வழக்கோ 20ஆம் நூற்றாண்டுக்குரியது. அதற்கு முன் செக்ஸ் என்றால் ஆண், பெண் என்ற பால் வேறுபாடுதான். இரண்டையும் உற்றுப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. இவை வினைச்சொற்களே அல்ல. ஒரு பெயர்ச்சொல்லை வைத்துவிட்டு, பக்கத்தில் ‘ஹாவ்’ என்ற துணையை நிறுத்தியிருக்கிறார்கள். ‘உடலுறவு கொண்டார்’ என்பதும் அதே கட்டுமானம்: உடலுறவு என்ற பெயர், கொள் என்ற துணை. முறையாகப் பேச வேண்டும் என்றவுடன் இரண்டு மொழிகளும் வினையைக் கைவிட்டுப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. தமிழில் இதற்கு இலக்கணமே உண்டு. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அகராதியிலேயே மறைத்தார்கள். ஆளை நேரடியாகச் செயப்படுபொருளாக ஏற்கும் அவர்களின் பழைய வினை, எஃப் எழுத்தில் தொடங்குவது, 1755இல் வந்த ஜோன்சனின் அகராதியில் இல்லை. 1928இல் முடிந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் முதற் பதிப்பிலும் இல்லை. 1972இல் வந்த துணைத்தொகுதியில்தான் அதற்கு இடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் முறைசார்ந்த வினை ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் வினை ஒன்று இருந்தது. அதைச் சபைக்கு வெளியே வைத்தார்கள். அதன் இடத்துக்கு வேறு வினை வரவில்லை.

வேற்றுமை உருபு

இனித்தான் விடயத்தின் நடுவுக்கு வருகிறேன். பெண் சொன்னது: “என்னைப் பிடிச்சுப் படுக்க வச்சுச் செய்வார்.” என்னை. இரண்டாம் வேற்றுமை. செயல் அவரிடமிருந்து புறப்பட்டு இவர் மேல் வந்து விழுகிறது. ‘செய்’ என்பது எவ்வளவு வெறுமையான வினையாக இருந்தாலும், அந்த ஐ உருபு யார் செய்தவர், யார் மேல் செய்யப்பட்டது என்பதைப் பிசகில்லாமல் சொல்லிவிடுகிறது.

என் ஆங்கிலத்தில் ‘வித் மீ’ என்று வந்துவிட்டது. என்னோடு. ஓடு என்பது மூன்றாம் வேற்றுமை. அதன் பொருளை இலக்கணகாரர் உடனிகழ்ச்சி என்பார்கள். இருவரும் உடன் நிகழ்த்தியது. ‘தாயோடு குழந்தை வந்தது’ என்றால் இருவரும் வந்தார்கள். ஆங்கிலத்தின் ‘ஹாவ் செக்ஸ் வித்’, ‘ஸ்லீப் வித்’, ‘ஹாவ் இன்டர்கோர்ஸ் வித்’ எல்லாவற்றின் வாலிலும் இந்த உடனிகழ்ச்சி ஒட்டியிருக்கிறது. முறையான ஆங்கிலம் தேடிப் போகிற ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும், தான் அறியாமலே, ‘என்னை’ என்பதை ‘என்னோடு’ ஆக்குகிறார். வன்முறையைக் கூட்டுச் செயலாக எழுதிவிடுகிறார். சொல் கொச்சையா நாகரிகமா என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்தச் சின்ன உருபு கண்ணில் படவே இல்லை.

‘என்னை’ என்பதை ஏற்கும் முறைசார்ந்த ஆங்கில வினைகள் இல்லாமல் இல்லை. ‘ரேப்’, ‘வயலேட்’, ‘அசோல்ட்’, ‘அபியூஸ்’. எல்லாம் ஆளை நேரடியாக ஏற்பவை. எல்லாமே தீர்ப்பையும் சேர்த்துச் சொல்பவை. ‘வயலேட்’ தூய்மையைக் கெடுத்தல் என்ற பழைய கருத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. தமிழில் ‘கற்பழித்தல்’ என்று எழுதிக்கொண்டிருந்தோமே, அதன் சகோதரி. கற்பு அழிந்தது என்று பாதிக்கப்பட்டவரின் கணக்கில் நட்டம் எழுதும் அந்தச் சொல்லை விட்டுப் பாலியல் வல்லுறவு என்ற சொல்லுக்கு எங்கள் பத்திரிகைகள் மெல்ல மெல்ல வந்தன. ஆங்கிலத்தில் அதே பள்ளத்தில் இறங்க நான் தயாராக இல்லை.

வழி காட்டியது இங்கிலாந்துச் சட்டமே. அங்கே பழைய சட்டங்கள் ‘செக்ஷுவல் இன்டர்கோர்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லால் பேசின. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தின் முதற்பிரிவு அதை விட்டுவிட்டு ‘பெனிட்ரேட்ஸ்’, ஊடுருவுகிறார், என்று ஒரு வினைச்சொல்லுக்கு வந்தது. எழுவாய் யார், எந்த உறுப்பால், எந்த உறுப்பினுள் என்று உடைத்துச் சொல்கிறது. மூன்றாம் பிரிவில் இன்னும் எளிமை: ‘டச்சஸ்’, தொடுகிறார். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஒரு நாட்டின் சட்டம் எழுதியவர்களுக்கே இந்தச் சொல் போதுமான அளவு முறையானது என்றால் எனக்கு என்ன குறை? அப்போதுதான் பிடிபட்டது. முறைமையை நான் வினையில் தேடிக்கொண்டிருந்தேன். அது உறுப்புகளின் பெயர்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆண்குறி, பெண்குறி, குதம் மூன்றுக்குமே மருத்துவம் இலத்தீன் பெயர்களைக் கொடுத்திருக்கிறது. அவற்றைச் சொல்வதில் கொச்சை இல்லை. வினை ‘புட்’ ஆக இருக்கலாம், ‘ஹெல்ட்’ ஆக, ‘டச்ட்’ ஆக, ‘புஷ்ட்’ ஆக இருக்கலாம். வைத்தார், பிடித்தார், தொட்டார், தள்ளினார். வேண்டுமானால் ‘இன்சேர்ட்டட்’. இவை ஒன்றும் பாலியல் வினைகளே அல்ல. ஆனால் எழுவாயும் செயப்படுபொருளும் அசையாமல் நிற்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. உடைத்துச் சொல்வதென்றால் எதை என்று தெரிய வேண்டும். அது கடதாசியில் இல்லை. அவரிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது சந்திப்பு

என் அறை கோட்டைப் பக்கமாகப் போகும் பாதையில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் நிழலில் மான்கள் படுத்திருப்பது தெரியும். அவர் வந்து கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த தாயை வெளி விறாந்தையில் இருக்கச் சொன்னது அவர்தான்.

நான் விட்ட பிழையை முதலில் சொன்னேன். “சுகமில்லை எண்டு எழுதிப்போட்டன் பிள்ளை. நீங்கள் சொன்னது அதுதானா?”

“வருத்தம் ஒண்டும் இல்லை அக்கா. ஏலாதெண்டா ஏலாது.”

இவ்வளவு தெளிவாக இருந்ததை நான் கெடுத்திருந்தேன்.

‘செய்வார்’ என்ற இடம் கடினமாக இருந்தது. சொற்களை ஒரு தாளில் எழுதிக் காட்டி, இதுவா அதுவா என்று விரல் வைக்கச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். வெட்கப்படுகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் பட்டியல் என்னுடையதாக இருக்கும்போது விடையும் பாதி என்னுடையதாகிவிடும். நாளைக்கு நீதிமன்றத்தில், இந்தச் சொல்லை உங்களுக்கு யார் தந்தது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஆகவே, “படுக்க வச்சதுக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன்.

“அதை நான் என்ர வாயால சொல்லோணுமா அக்கா?”

சொல்ல வேண்டாம், எழுதலாம் என்றேன். இங்கேயே எழுத வேண்டும் என்றும் இல்லை. அவர் கொப்பித் தாளை வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து நாலாக மடித்துக் கொண்டு வந்தார். ஒரு பக்கம்தான். பேச்சில் ‘செய்வார்’ என்று சொன்னவர் எழுத்தில் ‘என் விருப்பமில்லாமல் உடலுறவு கொள்வார்’ என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ‘என்னோடு’ என்று எழுதி, வெட்டி, ‘என்னை வற்புறுத்தி’ என்று திருத்தியிருந்தார். உருபு பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்டியிருந்த அந்த ஒரு சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘விருப்பமில்லாத விதம்’ என்பதற்கும் விடை இருந்தது. வாயைப் பற்றி ஒரு வசனம். அதற்கு மேல் விவரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இங்கேயும் ஆங்கிலத்தில் ஒரு பொறி இருக்கிறது. முறைசார்ந்த வழக்கு ‘பெர்ஃபோர்ம் ஓரல் செக்ஸ்’ என்பது. பெர்ஃபோர்ம் என்றால் நிகழ்த்துதல், மேடையில் ஆடுவதற்கும் அதே வினை. எழுவாயோ பெண். வற்புறுத்தப்பட்டவரைச் செய்தவர் ஆக்கிவிடும். ‘ஃபோர்ஸ்ட் மீ டு’ என்று முன்னால் போட்டாலும் செயல் இவர் கையில்தான் இருக்கும். இலத்தீன் வழி வந்த ‘ஃபெலேட்’ என்ற ஒற்றை வினை அகராதியில் உண்டு. சாதாரண ஆள் ஒருவர் தன் வாக்குமூலத்தில் அதைச் சொன்னதாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வாயையும் முதற்பிரிவிலேயே சேர்த்திருப்பதால், அதன் வழியில் கணவனை எழுவாயாக வைத்து, ‘புட்’ என்ற சின்ன வினையோடு, உறுப்பின் மருத்துவப் பெயரோடு, ‘என் விருப்பத்துக்கு மாறாக’ என்ற அவருடைய சொல்லோடு ஒரு வசனம் எழுதினேன். பதினைந்து சொல் வரவில்லை.

திருத்திய பிரதி

‘ஏலாது’ வந்த இடத்தில் ‘ஐ ரிஃப்யூஸ்ட்’ என்று எழுதவில்லை. அது என் விளக்கமாகிவிடும். முடியாது என்று சொன்னேன் என்ற பொருளில் ‘ஐ செட் நோ’ என்று எழுதி, அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக, மூலச்சொல் சுகவீனத்தையும் குறிக்கக்கூடியது, சொன்னவரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது, முதற் பிரதியில் பிழை என்னுடையது என்று சேர்த்தேன். ‘செய்வார்’ என்பதில் உள்ள, வழக்கத்தைச் சொல்லும் எதிர்காலம் ஆங்கிலத்தில் ‘வுட்’ என்று வரும்போது எப்போதாவது நடந்தது போல ஒலிக்கும் என்பதால், அவரிடம் கேட்டு, பல தடவைகள் என்று சேர்த்தோம். ‘அன்நச்சுரல்’ போய்விட்டது.

‘ரேப்’ என்ற சொல்லை நான் எழுதவில்லை. லண்டன் சட்டத்தரணி தன் வாதத்தில் எழுதினார், அது அவருடைய வேலை. எழுதியது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தபோது எனக்குப் போன் எடுத்தார். “அங்க அதுக்கு ஒரு பேர் இருக்காமே அக்கா?” என்று கேட்டார். ஓம் என்றேன். இங்கே ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 363ஆம் பிரிவைத்தான் வாசித்துக் காட்டியிருப்பேன், கோபத்தோடு.

திருத்திய பிரதிக்கு முத்திரை குத்துவதற்கு முன் முழுவதையும் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, வசனம் வசனமாக. இந்த வகையான பிரதி எதையும் இப்படிச் செய்யாமல் இப்போது நான் கொடுப்பதில்லை. ‘வைத்தார்’, ‘பிடித்தார்’ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். முதலாவது வசனத்தில் நிறுத்தினார். கரைச்சல் என்பதற்கு நான் இரண்டாம் தடவையாக ‘ஹராஸ்’ என்று போட்டிருந்தேன். அது என்ன என்று கேட்டார். துன்புறுத்துதல் என்றேன்.

“அதுவும் இருந்ததுதான். ஆனா கரைச்சல் எண்டா அது மட்டும் இல்லையே. சாப்பாட்டைத் தட்டிவிடுறதும், லைட்டைப் போட்டுப்போட்டு நூக்கிறதும், நித்திரை கொள்ள விடாததும், பிறகு மற்றதும். எல்லாம் சேர்த்துத்தான் நான் சொன்னனான்.”

அதனால் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டேன், அவர் சொன்ன நான்கையும் அடிக்குறிப்பில் எழுதி. நான்காவதற்கு, ‘மற்றது’ என்ற அவருடைய சொல்லையே பெயர்த்து, பந்தி நான்கைப் பார்க்கவும் என்று போட்டேன். அவர் குறிப்பின் பக்கத்தில் தன் முதலெழுத்துகளை வைத்துவிட்டு, விறாந்தையில் இருந்த தாயை எழுப்பிக்கொண்டு போனார்.